வண்டியின் நெற்றி

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் ஹாலில் காபி குடிக்கும்போது, புதிதாக வந்த பெண்கள் யாராவது என்னிடம் எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். லாரி கம்பெனி என்பேன். "ஓ, லாஜிஸ்டிக்ஸா அக்கா?" என்பார்கள். இல்லை, லாரியையே செய்கிற கம்பெனி என்பேன். அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியாமல் என் சேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். டாலஸ் பக்கம் நாங்கள் இருக்கிற ஆலனில் நம்ம ஜனங்களில் பாதிப் பேர் சாஃப்ட்வேர், மீதிப் பேர் டாக்டர். லாரிக்குக் கதவும் படியும் வரைகிற தூத்துக்குடிக்காரியை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை.

இப்போது அந்தத் தொந்தரவும் இல்லை. கேட்டால், முன்பு லாரி கம்பெனியில் இருந்தேன் என்று முடித்துக்கொள்கிறேன். அந்த லாரி எப்படி இல்லாமல் போனது, அதோடு சேர்ந்து ஒரு மனிதர் எப்படி நொறுங்கிப் போனார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். நெஞ்சில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஊரில் குட்டி யானை என்கிறோமே, அதற்கு ஒரு அண்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் எங்கள் வண்டி. முன்னால் மூக்கே கிடையாது. இன்ஜின் மேலேயே டிரைவர் உட்கார்ந்திருப்பார். தட்டை முகம், பெரிய கண்ணாடி. அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருக்கிறவன்தான் ஆம்பிளை என்று ஒரு எண்ணம் உண்டு. எங்கள் வண்டியை யாரும் ஆசைப்பட்டு வாங்கமாட்டார்கள். புல் வெட்டுகிறவர்கள், பூச்சிமருந்து அடிக்கிறவர்கள், ஐஸில் வைத்து மீன் கொண்டுபோகிறவர்கள் வாங்குவார்கள். ஹூஸ்டன் ஹில்கிராஃப்டில் நம்ம மளிகைக் கடைகளின் பின்பக்கம் போனால் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் அதிலிருந்துதான் இறங்கும். அங்கே போகும்போதெல்லாம் நான் கடைக்குள் நுழையாமல் பின்பக்கம் போய் நின்றுவிடுவேன். "நீ வெண்டைக்காய் வாங்க வந்தியா, வண்டி பாக்க வந்தியா?" என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஜப்பானியக் கம்பெனிகளில் ஒரு வண்டி வரிசைக்கு ஒரே ஒருவர்தான் பொறுப்பு. தலைமை இன்ஜினியர். திருகாணியிலிருந்து ஹாரன் சத்தம் வரைக்கும் அவர் தலையில்தான் விடியும். ஜப்பானிலிருந்து வந்துபோகிற எங்கள் தலைமை இன்ஜினியர் யாரையும் ஏசி நான் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாக வரலாறு சொல்லுவார். ஏசியிருந்தால்கூடத் தேவலை. டீமில் புதிதாக யார் சேர்ந்தாலும் எல்லாரையும் மீட்டிங் ரூமில் உட்கார வைத்து, வண்டி பிறந்த கதையை முதல் படத்திலிருந்து ஆரம்பிப்பார். எத்தனை தடவை கேட்டேனோ, எனக்கு ஜெபமாலை மாதிரி மனப்பாடம்.

போர் முடிந்த காலத்து ஜப்பான். மூன்று சக்கர வண்டியில் காய்கறி ஏற்றிப்போய், திருப்பத்தில் கவிழ்ந்து விழுந்து எழுந்த வியாபாரிகளுக்காக நாலு சக்கரத்தில் ஒன்று செய்தார்கள். சந்துக்குள் நுழைய வேண்டும், அதனால் மூக்கை வெட்டினார்கள். இது முதல் தலைமுறை. அதில் இன்ஜினைப் பார்க்க வேண்டுமென்றால் சீட்டைக் கழற்றிவிட்டு மெக்கானிக் தலைகீழாகத் தொங்க வேண்டும். அதற்காக அடுத்ததில் கேபினையே முன்னால் கவிழ்க்கும்படி செய்தார்கள். அதற்கடுத்தது கடல் தாண்டி அமெரிக்கா வந்தது. ஸ்டியரிங்கை வலமிருந்து இடத்துக்கு மாற்றினார்கள். வைப்பரை மாற்ற மறந்துபோனார்கள். வலப்பக்க டிரைவருக்காகத் துடைத்துப் பழகிய வைப்பர் இடப்பக்க டிரைவரின் கண்ணுக்கு நேரே ஒரு முக்கோணத்தைத் துடைக்காமலே விட்டுவிட்டது. மழையில் டிரைவர் தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தபடி ஓட்டுகிற ஒரு போட்டோ உண்டு. அது திரையில் வரும்போது தலைமை இன்ஜினியர் பேச்சை நிறுத்திவிட்டுத் தலை குனிந்து நிற்பார். அந்த வைப்பர் வரைந்த காலத்தில் அவர் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார். ஆனாலும் குனிவார். எதிலே தவறினாலும் கண்ணாடியில் தவறக் கூடாது என்பார்.

பிறகு கேபினை அகலமாக்கியது, வட்ட விளக்கு சதுரமானது, புகையைக் குறைத்தது என்று கதை போகும். கடைசிப் படம் வெறுமையாக இருக்கும். அது எங்களுக்கு. பேட்டரியில் ஓடுகிற அடுத்த தலைமுறை, முதன்முறையாக அமெரிக்காவிலேயே, டெக்சாஸிலேயே நாங்கள் வரைகிற வண்டி.

என் பொறுப்பு கதவும் படியும் கைப்பிடியும். அந்த மனுஷர் எங்களை வரையவே விடவில்லை, முதலில் வண்டியில் போய் உட்காருங்கள் என்றார். ஆகஸ்ட் வெயிலில் புல் வெட்டுகிறவர்களின் வண்டியில் அவர்களோடு நெருக்கிக்கொண்டு நானும் வீடு வீடாகப் போனேன். ஒரு நாளில் எத்தனை ஏறி இறங்கல்! சாயங்காலம் முட்டி கழன்று கையில் வந்துவிடும் போலிருந்தது. அதற்குப் பிறகுதான் படியை இறக்கினேன். ஒரு கைப்பிடியைக் குள்ளமான ஆளுக்கும் எட்டுகிற இடத்தில் வைத்தேன். அது என் படி. அதில் காலை வைத்து யாரோ முகம் தெரியாத ஒருவர் வலியில்லாமல் ஏறப்போகிறார் என்று நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும். இதைச் சொன்னால் என் மகள், "மாம், இட்ஸ் எ ஸ்டெப்" என்பாள்.

எங்கள் டீமில் அம்பத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார். நாற்பது வயது தாண்டியவர்தான், ஆனாலும் நான் தம்பி என்றே கூப்பிடுவேன். அவர் என்னை அக்கா என்பார். சென்னையில் லாரி தொழிற்சாலையில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். அவர் பொறுப்பு கேமரா. எதிரே ஆளோ வண்டியோ வந்தால் தானே பிரேக் போட வேண்டும் அல்லவா, அதற்கு வண்டிக்கு இரண்டு கண் வைத்தோம். காரில் அது மேலே, கண்ணாடி பக்கத்தில் ஒளிந்திருக்கும். எங்களுடையது தட்டை முகம், அதனால் கண்ணாடியின் கீழ்ப்பக்கம், நட்ட நடுவில், டாஷ்போர்டு மேலே உட்கார்ந்திருக்கும். அதைத் தாங்குகிற பிராக்கெட்டை இவர்தான் வரைந்தார். வெயிலில் வளையாமல், குலுக்கலில் ஆடாமல் அந்தக் கண்களை நிறுத்துவதற்காக அவர் பட்ட பாட்டை நான் பக்கத்து மேசையிலிருந்து பார்த்திருக்கிறேன்.

எனக்குக் குடியுரிமை வந்து ரொம்பக் காலமாகிவிட்டது. அவருக்கு கிரீன் கார்டு வரிசை அசையவே இல்லை. வண்டி ஓகே ஆகித் தொழிற்சாலைக்குப் போனால் டீம் இருக்கும். டீம் இருந்தால் வேலை. வேலை இருந்தால்தான் விசா. வண்டி நின்றுபோனால் மனைவியையும், இங்கே பிறந்து இங்கேயே வளர்ந்த மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். மகள் பள்ளிக்கூட பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறவள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற சாதி, என் மகளைப் போலவே.

"வண்டி ரோட்டுக்கு வந்துடணும்க்கா. அது மட்டும் வந்துட்டா போதும். வேற ஒண்ணும் நான் கேக்கல" என்பார். மதியம் டப்பாவைத் திறக்கும்போது ஒரு தடவை, மூடும்போது ஒரு தடவை. கம்பெனிக்கு அது ஒரு மாடல். அவருக்கு அது வீடு.

ஆயுத பூஜையை அவர்தான் ஒர்க்‌ஷாப்பில் ஆரம்பித்துவைத்தார். முதல் வருஷம் பாதுகாப்பு அதிகாரி பதறிப்போனார். சூடம் கொளுத்தினால் மேலேயிருந்து தண்ணீர் கொட்டும் என்று தடை. அதனால் பேட்டரி விளக்கில் ஆரத்தி. தேங்காயை வெளியே பார்க்கிங்கில் உடைப்போம், தண்ணீர் தெறித்து யார் கார் மேலாவது படும். பொரி கடலை, சுண்டல், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். நான் மட்டும் கைகட்டி நிற்பேனா? வேளாங்கண்ணியிலிருந்து வந்த தீர்த்தம் வீட்டில் இருந்தது, அதைக் கொண்டுபோய்த் தெளித்தேன். தலைமை இன்ஜினியருக்கு ஒரே சந்தோஷம். ஜப்பானிலும் புது வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரிப்பார்களாம். அடுத்த முறை வரும்போது அவர்கள் கோயிலிலிருந்து சிவப்புத் துணியில் தைத்த ஒரு காப்பு கொண்டுவந்து கேபினுக்குள் தொங்கவிட்டார். ஆக மூன்று இடத்துச் சாமிகளிடமும் சொல்லிவைத்தோம். மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டு கைவிட்டார்கள்.

கடைசி வருஷத்து ஆயுத பூஜைக்கு, சோதனைக்காகச் செய்த புது மாதிரி வண்டி நின்றது. வெளியாட்கள் போட்டோ எடுத்தால் வடிவம் தெரியக் கூடாது என்று உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கோலம் போட்ட பிளாஸ்டிக் தாளை ஒட்டியிருந்தார்கள். அடுத்த வாரம் ஜப்பானிலிருந்து பெரிய தலைகள் வருகிறார்கள். வண்டியைப் பார்த்துவிட்டு மேலே கொண்டுபோவதா வேண்டாமா என்று சொல்லப்போகிறார்கள். எல்லாரும் அப்படித்தான் நம்பியிருந்தோம். அன்றைக்குத் தம்பி நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து வெள்ளிக் கிண்ணத்தில் வைத்திருந்தார். முன் பம்பரில் பொட்டு வைத்துப் பார்த்தார். அந்தப் பிளாஸ்டிக்கில் சந்தனம் ஒட்டவில்லை, வழிந்தது. மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. படியில் ஏறி, கை நீட்டி, கண்ணாடியில் கீழே நட்ட நடுவில் பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். வண்டிக்கு நெற்றி எங்கே என்று நம்ம ஆட்கள் யாரைக் கேட்டாலும் அந்த இடத்தைத்தான் காட்டுவார்கள். நாங்கள் எல்லாரும் கைதட்டினோம்.

அவர் வரைந்த பிராக்கெட் அதற்கு நேர் பின்னால் இருந்தது. இருட்டில் கேட்டாலும் அதன் அளவைச் சொல்லக்கூடியவர். ஆனால் சாமி கும்பிடுகிற கைக்கு அளவு தெரியாது.

பெரிய தலைகள் வந்த அன்று காலையில் பனி இறங்கியிருந்தது. வெளியே நின்ற வண்டியின் கண்ணாடியைத் தம்பியே துணியால் துடைத்தார். பொட்டு போய்விட்டது. எல்லாருக்கும் அப்படித்தான் தெரிந்தது. பாலைவனம் மாதிரி கிடந்த சோதனை மைதானத்தில் நடுவே, சின்னப் பிள்ளை உயரத்தில் ஒரு ஸ்பாஞ்சு பொம்மையை நிறுத்தினார்கள். நீலச் சட்டை போட்ட பொம்மை. வண்டி வர வேண்டும், பொம்மையைப் பார்க்க வேண்டும், தானே நிற்க வேண்டும். இதற்கு முன்னால் செய்த மாதிரி வண்டிகள் எல்லாம் சலிக்காமல் செய்து காட்டிய வித்தைதான்.

வண்டி வந்தது. பேட்டரி வண்டி என்பதால் சத்தமே இல்லை. நிற்கவில்லை. பொம்மை எகிறிப்போய் விழுந்தது. கை ஒன்று தனியாகக் கழன்று தரையில் கிடந்தது. வந்திருந்தவர்களில் மூத்தவர் ஒருவர் நடந்துபோய், அந்தக் கையைக் குனிந்து எடுத்து, தூசி தட்டி, எங்கள் ஆள் ஒருவரிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். தலைமை இன்ஜினியர் இடுப்பு வரை குனிந்தார். எப்போது நிமிர்வார் என்று எனக்குப் பயமாகிவிட்டது.

ஷெட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தார்கள். ஒரு கண் மறைந்திருக்கிறது, அதனால் தானே பிரேக் போட முடியாது என்று வண்டி சின்ன விளக்கொன்றை எரியவிட்டிருக்கிறது. காலை வெயிலில் ஓட்டுநருக்கு அது தெரியவில்லை. ஏன் மறைந்தது என்று ஒயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். தம்பி படியில் ஏறினார். கண்ணாடியை விரலால் தடவி, விரலை மூக்கில் வைத்துப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. துடைத்தபோது பொட்டு போகவில்லை. பனியோடு குழைந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சாக அந்தக் கண்ணுக்கு முன்னால் காய்ந்திருந்தது.

அவர் மறைத்திருக்கலாம். ஏதோ அழுக்கு என்றால் முடிந்தது. மறுநாள் மீட்டிங்கில் எழுந்து நின்று, அது சந்தனம், நான்தான் வைத்தேன் என்றார். சந்தனம் என்றால் என்ன, அதை ஏன் லாரிக்கு வைக்க வேண்டும் என்று ரூமில் பாதிப் பேருக்கு விளக்க வேண்டியிருந்தது. அவர் திக்கித் திணறி விளக்கியதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அது மாதிரி ஒரு வேதனை எனக்கு வேறு கிடையாது.

அதே மாதம் மெயில் வந்தது. மாறிவரும் சந்தைச் சூழலைக் கருத்தில் கொண்டு, அது இது என்று நாலு பத்தி. வண்டி இல்லை. அமெரிக்காவுக்கான அடுத்த தலைமுறையே இல்லை. டீமைக் கலைக்கிறார்கள். வேலை போனவர்களில் முதல் வரிசையில் தம்பி.

"அக்கா, நான் முடிச்சி வெச்சிட்டேன்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. "தம்பி, ஒரு பொட்டுக்காக ஒரு கம்பெனி வண்டிய நிறுத்துமா? லூசு மாதிரி பேசாதீங்க" என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டேனே தவிர, எனக்கே உள்ளுக்குள் சந்தேகம் இருந்தது. அந்தக் கையைத் தூசி தட்டிக் கொடுத்த பெரியவரை நானும் பார்த்தேனே.

விசா கொடுக்கிற அவகாசத்துக்குள் வேறு வேலை தேட வேண்டும். வீட்டுக்காரரின் சிநேகிதர் மூலம் கலிபோர்னியா சான்டா கிளாராவில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ வாங்கிக் கொடுத்தோம். கேமரா வேலை, இவருக்கென்றே தைத்த சட்டை மாதிரி. உங்கள் தோல்வி ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கு என்ன பதில் என்று பிள்ளைக்குக்கூடத் தெரியும். தோல்வி மாதிரி ஆரம்பித்து வெற்றியில் முடிகிற கதை ஒன்றை எல்லாரும் தயாராக வைத்திருப்பார்கள். இவர் சந்தனக் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லி, ஒரு மாடலையே நான் அழித்துவிட்டேன் என்று முடித்திருக்கிறார்.

"ஏன் தம்பி இப்டிப் பண்ணுதீங்க? பொய் சொல்ல வேண்டாம், வாய மூடிட்டாவது இருக்கலாம்லா?" என்றேன். கோபம் வந்தால் எனக்குத் தூத்துக்குடி வந்துவிடும்.

"கேட்டாங்கக்கா. அத விட்டா என்கிட்ட வேற எதுவும் இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு கூப்பிட்ட இடங்களிலும் அதே கதையைத்தான் சொன்னார் என்று அவர் மனைவி சொன்னார். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லுகிற பாவ சங்கீர்த்தனத்துக்கு நாங்கள் பூசைக்கு முன்னால் போவோம். இவர் வேலைக்கு மனுப்போட்ட கம்பெனிகளிலெல்லாம் போய்ச் செய்தார்.

அவர்கள் கிளம்புகிற வாரம் வீட்டுக்குப் போனேன். சாமான்களையெல்லாம் கராஜில் பரப்பி வைத்திருந்தார்கள். தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் வந்து கிரைண்டரைத் திருப்பிப் பார்த்தார்கள். மகள் கிளாரினெட்டைப் பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தேன். "ஆன்ட்டி, ப்ளீஸ் டோன்ட்" என்றாள். கையை எடுத்துக்கொண்டேன்.

அவர் மனைவி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். "அக்கா, இவரு சாமி கும்பிடறதையே விட்டுட்டாரு. நான் பொட்டு வெச்சா கூட மூஞ்ச திருப்பிக்கறாரு. வேலை போறது எல்லாருக்கும் போவுது. இது என்னக்கா, இப்படி ஒரு ஆளு ஆவாரா?" என்று அழுதார். பூஜை அலமாரியைச் சும்மா எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். ஒரு கத்தோலிக்கச்சி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? ஆனாலும் காரில் ஏற்றினேன். இப்போது அதில் மாதா இருக்கிறாள்.

என்னைக் கடைசிவரை வைத்திருந்தார்கள். மாதிரி வண்டிகளை முடித்துவைக்க ஒரு ஆள் வேண்டுமே. இது நிறையப் பேருக்குத் தெரியாது. மாதிரி வண்டியை விற்கக் கூடாது, யாருக்கும் சும்மாவும் கொடுக்கக் கூடாது. சட்டப்படி சான்றிதழ் வாங்காத வண்டி ரோட்டுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக, கம்பெனி ஆள் ஒருவர் கண் எதிரே நசுக்க வேண்டும். டாலஸ் தாண்டி ஒரு பழைய இரும்புக் கிடங்கு. அதற்கும் வந்தார் தலைமை இன்ஜினியர், ஜப்பானிலிருந்து, சொந்தச் செலவில். அவர் பொறுப்பில் பிறந்த வண்டி சாகும்போது பக்கத்தில் நிற்பது அவர் வழக்கமாம்.

ஒவ்வொரு வண்டியாகப் போனது. கடைசியாக அந்தக் கறுப்பு வெள்ளைக் கோல வண்டி. அவர் என் படியில் கால் வைத்து, என் கைப்பிடியைப் பிடித்து ஏறினார். வயசான மனுஷர், சுலபமாக ஏறினார். சிவப்புக் காப்பை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். இரும்புப் பலகை மேலேயிருந்து இறங்கியது. முதலில் கண்ணாடிதான் போனது. என் படி மடங்கிக் கேபினுக்குள் போய்விட்டது. நான் அழுதேன். லாரிக்கு அழுகிற பொம்பளையைக் கிரேன்காரர் விசித்திரமாகப் பார்த்தார்.

திரும்பி நடக்கும்போது, நம்ம கேமராக்காரர் எப்படி இருக்கிறார் என்று தலைமை இன்ஜினியர் கேட்டார். ஊருக்குப் போய்விட்டார், தன்னால்தான் வண்டி நின்றது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றேன்.

அவர் நின்றுவிட்டார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். பொம்மையை வைத்துக் காட்டிய அந்த டெமோவுக்கு முன்னாலேயே முடிவாகிவிட்டதே என்றார். கோடைக்காலத்திலேயே ஜப்பானில் தீர்மானித்துவிட்டார்களாம். அமெரிக்காவில் இந்த வண்டி போகாது, பணத்தை வேறு நாட்டில் போடலாம் என்று. அவருக்குக்கூட டெமோவுக்கு முந்தின நாள்தான் சொன்னார்களாம். அப்படியானால் அந்தப் பெரிய மனிதர்கள் ஏன் அவ்வளவு தூரம் வந்து வெயிலில் நின்று பார்த்தார்கள் என்று கேட்டேன். நீங்கள் எல்லாரும் கஷ்டப்பட்டு வரைந்திருக்கிறீர்கள், பார்க்காமல் நிறுத்துவது மரியாதை இல்லையே என்றார்.

"மரியாதையா? அட பாவி மனுஷா, அவன் அங்க நித்தமும் செத்துக்கிட்டு இருக்கான். ஒம்ம மரியாதையத் தூக்கி அந்த மிஷினுக்குள்ள போடும்" என்று தமிழில் கத்தினேன். அவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. புரிந்த மாதிரி இடுப்பு வரை குனிந்தார். எனக்கு இரக்கம் வரவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கிடங்கிலிருந்து வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வரும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு மனிதன் தலையில் இருக்கிற பாறையை நகர்த்தப்போகிறோம் என்ற நினைப்பு. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "இப்பதான் அந்தாளு ஏதோ வேலைக்குப் போய்ட்டு இருக்காரு. கிளறணுமா?" என்றார். "தப்பு பண்ணாதவன்ட்ட நீ தப்பு பண்ணலன்னு சொல்லாம இருக்கவா?" என்று அவர் மேல் பாய்ந்தேன். இங்கே சனிக்கிழமை சாயங்காலம், அங்கே ஞாயிறு காலை. போன் போட்டேன்.

பின்னால் குக்கர் சத்தம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏதோ கம்பெனியில் சேர்ந்திருந்தார், வண்டியோ லாரியோ இல்லை, வாஷிங் மெஷினுக்கு மூடி செய்கிற இடம். "சொல்லுங்கக்கா, நல்லா இருக்கீங்களா?" என்றார். எனக்கு நிதானம் ஏது? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கோடைக்காலத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள், டெமோ வெறும் சடங்கு, உங்கள் பொட்டுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, தலைமை இன்ஜினியரே சொன்னார் என்றேன்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். குக்கர் இன்னொரு விசில் அடித்தது.

"தம்பி?"

"இருக்கேன்க்கா." குரல் அவருடையதாகவே இல்லை. "அப்ப அந்தப் பொட்ட நான் வெக்காம இருந்திருந்தா?"

"அப்பவும் நிறுத்தியிருப்பாங்க தம்பி. அதத்தானே சொல்லுதேன்."

"வண்டி பொம்மைக்கு முன்னாடி கரெக்டா நின்னிருந்தா?"

"அப்பவும்தான்."

"அந்தக் கோடையில நான் ராத்திரி பகலா உக்காந்து பிராக்கெட்டு பண்ணிட்டு இருந்தேனே. அது அப்பவே இல்லாத வண்டிக்காகவா?"

பாறையை நகர்த்தப் போன எனக்கு, அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நின்றுகொண்டிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"என் கையாலதான் கெட்டுதுன்னு இருந்தப்ப, என் கையில ஏதோ இருந்துச்சுன்னு ஒரு இது இருந்துதுக்கா" என்றார். அழவில்லை. கணக்குப் பாடத்தில் விடை தப்பென்று தெரிந்துகொண்ட பையனைப் போல மெதுவாகப் பேசினார். "அடுத்த தடவ கண்ணாடிய ஒழுங்கா தொடைக்கணும்னு தினமும் நெனச்சுப்பேன். வேடிக்கையா இல்ல?" என்றார். பிறகு கேட்டார். "அப்ப நான் எல்லாத்தையும் சரியா பண்ணியிருந்தாலும் இதேதானாக்கா?"

"ஆமா தம்பி" என்றேன்.

தூரத்தில் அவர் மகள் இங்கிலீஷில் எதற்கோ கூப்பிட்டாள். சாப்பிட வரச்சொல்லி மனைவியும் கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. என் வீட்டுச் சன்னலுக்கு வெளியே புல் வெட்டுகிறவர்கள் பக்கத்து வீட்டு வேலையை முடித்துவிட்டு, எங்கள் கம்பெனியின் பழைய வண்டியில் மூன்று பேராக நெருக்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். படி உயரமாக இருந்ததால், கடைசியாக ஏறிய குள்ளமானவர் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறினார்.